நாய்க்குக் குளிருமா?



மார்கழி மாதத்து விடியற்காலை. வையம்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் திருச்சிக்குப் போகும் முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். எதிரே உள்ள டீக்கடையில் அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது. கடை வாசலில் நான்கு நாய்கள். மூன்று நாய்கள் சிமெண்டுத் தரையில் கால் நீட்டி நிம்மதியாகத் தூங்கின. நான்காவது நாய் மட்டும் முந்தின நாள் கொட்டிய சாம்பல் மேட்டில் குழி பறித்து, வட்டமாகச் சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் இடுப்பிலும் வாலடியிலும் முடியே இல்லை. தோல் சிவந்து தடித்திருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவன் டியூஷனுக்குப் போக நின்றிருந்தான். அவன் கேட்டான்: "சார், இதுக்கு மட்டும் ஏன் சார் இப்படி நடுங்குது? மத்ததெல்லாம் சும்மாதானே படுத்திருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார்: "நாய்க்கு ஏது தம்பி குளிரு? அதுதான் பொறக்கும்போதே கம்பளி போர்த்திக்கிட்டு வருதே! இதுக்குச் சொறி. அந்தக் கூச்சத்துல நடுங்குது."

டீக்கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. நாய் பிறக்கும்போதே கம்பளியோடுதான் பிறக்கிறது. ஆனால் அந்தக் கம்பளி கிழிந்துபோனால் என்ன ஆகும்? இதுதான் நம் கேள்வி. உங்கள் இயற்பியல் பாடத்தில் வெப்பம் பற்றிப் படித்ததை வைத்தே இதற்கு விடை காணலாம். வாருங்கள், பார்ப்போம்.

கம்பளி எது?

கம்பளி சூடு தருகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் கம்பளி சூடு தருவதில்லை. நம் உடலின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதிலும் பெரும் வேலையைச் செய்வது நூல் அல்ல. நூல் இழைகளுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்றுதான்.

அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. தண்ணீர் அதைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் காற்று அசைந்தால் கதை மாறிவிடும். சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வர, வெப்பம் வேகமாகப் பறிபோகும். இதுவே வெப்பச்சலனம். நாயின் முடி செய்யும் வேலை, தோலுக்கு அருகில் உள்ள காற்றை அசையவிடாமல் சிறைப்பிடிப்பதுதான். குளிர் கூடும்போது ஒவ்வொரு முடியின் அடியிலும் உள்ள சிறு தசை சுருங்கி முடியை நிமிர்த்துகிறது. காற்றுப் போர்வை தடிமனாகிறது. குளிரில் நமக்கு மயிர்க்கூச்செறிவதும் இதே ஏற்பாட்டின் மிச்சம்தான். நமக்கு முடி குறைவு. அதனால் பயன் இல்லை.

நாயின் உடல் வெப்பநிலை நம்முடையதைவிடச் சற்று அதிகம். 38 முதல் 39 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் வரை இருக்கும். எங்கள் பகுதியில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரி அளவுக்கு இறங்கும். உடலுக்கும் காற்றுக்கும் ஏறத்தாழ 18 டிகிரி வித்தியாசம். இரவு முழுவதும் வெப்பம் நாயிடமிருந்து காற்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். போர்வை நன்றாக இருந்தால் ஓட்டம் மெதுவாக இருக்கும். நாய் தின்ற சோற்றிலிருந்து வரும் வெப்பமே அதை ஈடுகட்டிவிடும்.

"20 டிகிரி எல்லாம் ஒரு குளிரா?" என்று ஊட்டியில் உள்ளவர்கள் சிரிக்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆராய்ச்சி இருக்கிறது.

மழிக்கப்பட்ட நாய்

ஜெர்மனி நாட்டில் மாக்ஸ் ரூப்னர் (1854–1932) என்ற உடலியல் அறிஞர் இருந்தார். உணவு உடலில் எரிந்து எவ்வளவு வெப்பம் தருகிறது என்பதை நாய்களைக் கொண்டு மிகத் துல்லியமாக அளந்தவர் அவர். சிறிய நாய், தன் எடைக்கு ஒப்பிட்டால், பெரிய நாயைவிட அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது என்று 1883இல் காட்டினார். காரணம் எளிது. சிறிய உடலுக்கு, அதன் எடையை நோக்க, மேற்பரப்பு அதிகம். வெப்பம் வெளியேறும் வாசல் அதிகம். கிண்ணத்தில் ஊற்றிய காப்பி அண்டாவில் உள்ள காப்பியைவிடச் சீக்கிரம் ஆறுவதைப் போல.

அவர் செய்த இன்னொரு சோதனைதான் நமக்கு வேண்டியது. ஒரு நாயின் உடல் எவ்வளவு வெப்பம் உண்டாக்குகிறது என்று முதலில் அளந்தார். பிறகு முடியை மழித்துவிட்டு மீண்டும் அளந்தார். 30 டிகிரி வெப்பநிலையில் பெரிய மாற்றம் இல்லை. 20 டிகிரிக்கு இறக்கியபோது, மழித்த நாயின் உடல் முன்பைவிடக் கணிசமாக அதிக வெப்பத்தை உண்டாக்க வேண்டியிருந்தது!

கவனித்தீர்களா? அந்த 20 டிகிரிதான் நம் ஊர் மார்கழி இரவு. முடியோடு இருக்கும் நாய்க்கு அது சாதாரண இரவு. முடி இழந்த நாய்க்கு அது குளிர்காலம்.

1950ஆம் ஆண்டில் ஷோலாண்டர் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் அலாஸ்காவின் விலங்குகளையும், பனாமா நாட்டு வெப்பக் காட்டு விலங்குகளையும் ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆர்க்டிக் நரி உறைநிலைக்குக் கீழே பல டிகிரி போனாலும் கூடுதல் வெப்பம் உண்டாக்கத் தேவையில்லாமல் இருந்தது. வெப்ப நாட்டு விலங்குகளோ வெப்பநிலை இருபதுகளுக்கு இறங்கியதுமே கூடுதலாக எரிக்கத் தொடங்கின. உடல் வெப்பநிலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு போர்வையில்தான் இருந்தது.

நம் நாட்டு நாய்களை நினைத்துப் பாருங்கள். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நமக்குப் பெருமை தரும் இனங்கள் எல்லாமே குட்டை முடி உடையவை. தெருவில் திரியும் நாய்களும் அப்படியே. வெயிலுக்கு ஏற்ற மெல்லிய சட்டை அது. அதிலும் ஒரு பகுதி போய்விட்டால்?

ஒவ்வாமை என்ன செய்கிறது?

டீக்கடை நாய்க்கு வந்தது என்ன? எல்லோரும் பொதுவாகச் 'சொறி' என்கிறோம். அதில் பல வகை உண்டு. தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் போகிறது. சில நாய்களின் உடல் அந்த உமிழ்நீரைப் பெரும் பகைவனாக எண்ணி அளவுக்கு மீறிப் போர் தொடுக்கிறது. இதுதான் ஒவ்வாமை, அலர்ஜி என்கிறோமே, அது. சில நாய்களுக்குத் தூசி ஒத்துக்கொள்வதில்லை, சிலவற்றுக்கு உணவு. தோலுக்குள் வளை தோண்டும் நுண்ணிய சிற்றுண்ணியால் வரும் சொறி வேறு நோய். ஆனால் அதிலும் தாங்க முடியாத அரிப்புக்குப் பெரும் காரணம் ஒவ்வாமையே.

இந்த ஒவ்வாமை நாயின் வெப்பக் கணக்கை மூன்று வழிகளில் குலைக்கிறது.

முதல் வழி, போர்வை கிழிதல். அரிப்பு தாங்காமல் நாய் சொறிகிறது, கடிக்கிறது, நக்குகிறது. முடி உதிர்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். முடியுள்ள நாய் ஓர் இரவில் இழக்கும் வெப்பம் 100 பங்கு என்க. அதன் உடலில் ஐந்தில் ஒரு பகுதி வழுக்கையாகிவிட்டது. வெறும் தோல், முடியுள்ள தோலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மொத்த இழப்பு என்ன? முடியுள்ள பகுதியில் 80. வழுக்கைப் பகுதியில் 20 × 3 = 60. கூட்டினால் 140. ஐந்தில் ஒரு பங்கு போர்வைதான் போனது. இழப்போ நூற்றுக்கு நாற்பது கூடிவிட்டது!

இரண்டாவது வழி, இரத்த ஓட்டம். குளிர் அடித்தால் நல்ல தோல் என்ன செய்யும்? தன் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். சூடான இரத்தம் மேற்பரப்புக்கு வராமல் உள்ளேயே தங்கும். வீட்டில் குளிர் அடித்தால் சன்னலைச் சாத்துகிறோமே, அதுபோல. அழற்சி கண்ட தோலில் இரத்தக் குழாய்கள் விரிந்தே கிடக்கின்றன. அதனால்தான் அது சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது. சன்னலைச் சாத்த முடியவில்லை.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "உடம்பு சுடுதே, இதுக்கா குளிரும்?" என்கிறார்கள். கையில் படும் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நாயின் உடலிலிருந்துதான். உங்கள் கை உணர்வது நாய் இழந்துகொண்டிருக்கும் வெப்பத்தை. சுடும் தோலும் நடுங்கும் உடலும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

மூன்றாவது வழி, ஈரம். நாய் நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. நல்ல தோல், உள்ளே உள்ள நீரைக் கசியவிடாத ஒரு தடுப்பு. ஒவ்வாமையால் பாதித்த தோலில் அந்தத் தடுப்பு பழுதாகி, நீர் வழக்கத்தைவிட அதிகமாக ஆவியாகிறது. புண்ணில் நீர் கசிந்தால் இன்னும் அதிகம். ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அரை லிட்டருக்கும் சற்று மேலான தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைத்தால்தான் அவ்வளவு வெப்பம் கிடைக்கும். ஒரே ஒரு கிராமுக்கு!

மனிதர்களிடமும் இதைக் காணலாம். உடல் முழுதும் தோல் சிவந்து உரியும் கடுமையான தோல் நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகள், மற்றவர்களுக்குக் குளிராத அறையிலும் நடுங்குவார்கள். தோல் சுடும், ஆனால் குளிர்கிறது என்பார்கள். அவர்களுக்குப் போர்த்திவிட்டுச் சூட்டைக் காப்பது மருத்துவத்தின் ஒரு பகுதி. நாய்க்கு வாய் இல்லை. அது சாம்பல் மேட்டைத் தேடிப் போகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஓநாய் சொன்ன சாட்சி

நாயின் நெருங்கிய உறவினர் ஓநாய். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களுக்குச் சிற்றுண்ணிச் சொறி பரவியது. முடி இழந்த ஓநாய் பனி இரவில் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது? இதை அறிய விஞ்ஞானிகள் வெப்பக் கதிர்களைப் படமெடுக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். காப்பிடத்தில் வளரும் ஓநாய்களின் உடலில் சிறு பகுதியை மழித்து, அங்கிருந்து வெளிவரும் வெப்பத்தை அளந்தார்கள். காட்டு ஓநாய்களின் படங்களோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2016இல் வெளியாயின. கடுமையாக நோயுற்ற ஓநாய் ஒரே இரவில் கூடுதலாக இழக்கும் வெப்பம், சாதாரண ஓநாய் ஒன்றின் ஒரு நாள் உணவுத் தேவையில் சுமார் 60 முதல் 80 விழுக்காடு! அப்படிப்பட்ட ஓநாய்கள் நடமாட்டத்தையும் குறைத்துக்கொண்டன.

யெல்லோஸ்டோன் பனி வையம்பட்டியில் இல்லைதான். ஆனால் விதி ஒன்றே. அங்கே அந்த ஓநாய் இன்னும் அதிகமாக வேட்டையாட வேண்டும். நோயோ அதை நடக்கவிடாது. இங்கே நம் தெரு நாய் கூடுதலாக ஒரு வாய் சோறு தேட வேண்டும். அரிப்பில் இரவெல்லாம் தூங்காத நாய்க்கு அதற்கு ஏது தெம்பு?

நான் செய்த தவறு

இதை எழுதும்போது எனக்கு ஒரு பழைய நினைவு வருகிறது. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. அதற்கு அரிப்பு வந்து முதுகெல்லாம் புண்ணானது. ஊரில் பெரியவர் ஒருவர், "மிச்சமிருக்கும் முடியையும் கத்தரித்து, மண்ணெண்ணெய் தடவி, கிணற்றடியில் குளிப்பாட்டு, சரியாகிவிடும்" என்றார். தை மாதம், சாயங்காலம். நானே செய்தேன். ஆசையோடுதான் செய்தேன். அன்றிரவு மணி திண்ணைக்கடியில் நடுங்கிக்கொண்டே கிடந்தது. "மருந்து வேலை செய்கிறது" என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். மூன்றாம் நாள் அது எழுந்திருக்கவில்லை.

இன்று அந்தச் செயலை எண்ணிப் பார்க்கிறேன். மிச்சமிருந்த போர்வையை எடுத்தேன். மண்ணெண்ணெயை, புண்ணான தோல் வழியாகவும் நக்கிய நாக்கு வழியாகவும் உடலுக்குள் செலுத்தினேன். அது நஞ்சு. மாலை நேரத்தில் நனைத்தேன். உடலில் 100 கிராம் தண்ணீர் தங்கியிருந்தால்கூட அது ஆவியாக 2,40,000 ஜூல் வேண்டும். அவ்வளவும் உடலிலிருந்தே போனால், 15 கிலோ எடையுள்ள நாயின் வெப்பநிலையை நான்கு டிகிரிக்கு மேல் இறக்கப் போதும். உடல் நடுங்கி நடுங்கி அதை ஈடுகட்டப் பார்க்கும். மணியின் உடலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அதை நான் மருந்தின் வேலை என்று நினைத்தேன்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கு சிறு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். (எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் குறைவாகவே கதிர்வீசும். அது நம் கணக்கைக் குழப்பிவிடும்.) முதல் புட்டியை அப்படியே விடுங்கள். இரண்டாவதைச் சுற்றி ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுங்கள். மூன்றாவதற்கும் அப்படியே கட்டி, ஐந்தில் ஒரு பகுதியில் மட்டும் பஞ்சைப் பிய்த்துவிடுங்கள். நான்காவதன் மேல் நனைத்த துணியைச் சுற்றுங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, 60 டிகிரி அளவுள்ள வெந்நீரை நான்கிலும் சம அளவு ஊற்றி மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலைமானியால் அளந்து, வரைபடத் தாளில் குறியுங்கள். நான்கு கோடுகளில் எது வேகமாக இறங்குகிறது? பிய்ந்த பஞ்சுப் புட்டி, இரண்டாவது புட்டிக்கு அருகில் இருக்கிறதா, முதல் புட்டிக்கு அருகில் இருக்கிறதா? பிறகு மின்விசிறியைப் போட்டுவிட்டு மீண்டும் செய்து பாருங்கள்.

ஆக, விடை என்ன?

லேசான அரிப்பு, முடி உதிரவில்லை, தோல் கிழியவில்லை என்றால் அந்த நாய்க்குக் குளிர் தனியாகக் கூடாது. முடி உதிர்ந்து, தோல் சிவந்து, நீர் கசியும் நிலை வந்துவிட்டால், ஆம், அது மற்ற நாய்களைவிட அதிகமாகக் குளிரை உணரும். குட்டி நாய், கிழட்டு நாய், மெலிந்த நாய் என்றால் இன்னும் அதிகம். அரிப்பே இல்லாமல் இருபுறமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து, நாய் மந்தமாகி, எப்போதும் கதகதப்பைத் தேடினால், அது தைராய்டுச் சுரப்பியின் குறையாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. சிமெண்டுத் தரையில் பழைய சாக்கை இரண்டாக மடித்துப் போடுங்கள். உள்ளே வைக்கோல் இருந்தால் இன்னும் நல்லது. அங்கும் வேலை செய்வது அடைபட்ட காற்றுதான். மருத்துவர் குளிப்பாட்டச் சொன்னால் நண்பகல் வெயிலில் குளிப்பாட்டி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். குளிர் நாட்களில் ஒரு கைப்பிடி சோறு கூட வையுங்கள். மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு எண்ணெய் எதையும் தடவாதீர்கள். தடவுபவர்களையும் தடுத்துச் சொல்லுங்கள். தெரு நாயை நீங்களாகத் தொடாதீர்கள். வலியில் இருக்கும் நாய் கடிக்கும். கடித்துவிட்டால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

டீக்கடைக்காரர் அன்றே ஒரு சாக்கைக் கொண்டுவந்து அடுப்போரம் போட்டார். அடுத்த வாரம் அவரே நாயைக் கட்டி மருந்தகத்துக்கு அழைத்துப் போனார். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்று சொல்லி மருந்து கொடுத்தார்களாம். பங்குனியில் பார்த்தேன். இடுப்பில் முடி முளைத்திருந்தது. மற்ற மூன்று நாய்களோடு சிமெண்டுத் தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"பாத்தீங்களா சார், முடி வந்ததும் குளிரு போயிடுச்சு!" என்றார் டீக்கடைக்காரர்.

பக்கத்தில் நின்ற அந்த மாணவன் யோசித்தான். "முடி வந்ததால போச்சா, வெயில் வந்ததால போச்சா சார்?" என்றான்.

சரியான கேள்வி! இரண்டு காரணங்கள் ஒரே சமயத்தில் மாறினால், எதனால் விளைவு வந்தது என்று எப்படிச் சொல்வது? அதற்கு அடுத்த மார்கழியில், அதே விடியற்காலையில், அதே டீக்கடைக்கு நாங்கள் இருவரும் போக வேண்டும். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு நாய் இருக்கும். அது எங்கே படுக்கிறது என்று நீங்களும் குறித்து வையுங்கள்.